இடது பக்கமே ஓடும் பெல்ட்

மார்ச் 4

ஓடும் உப்புத்தாள் பெல்ட்டில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஒன்று செய்கிறேன். அதற்கு மோட்டார் வந்துவிட்டது. பழைய கம்ப்ரஸரில் இருந்து கழற்றியது. 1.5 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ், 1440 ஆர்பிஎம், 24 மி.மீ. ஷாஃப்ட். துரு மேலோடுதான். எனக்குப் பிடித்தது, உடம்பு முழுக்க மூடியிருப்பது. வாஷிங் மெஷின் மோட்டார் சும்மா கிடைக்கிறதே என்று பலர் அதைப் போடுகிறார்கள். அதில் காற்றுத் துளைகள் திறந்தே இருக்கும். கிரைண்டர் கக்கும் இரும்புத்தூள் நேராகக் காயிலுக்குள் போய் உட்காரும். அப்புறம் ஒருநாள் புகைதான்.

மேசைமேல் ஏற்றத் தம்பி வரவேண்டும். 5 கிலோவுக்கு மேல் நான் தூக்கக்கூடாதாம்.

மார்ச் 5

தம்பி வந்தான். மோட்டாரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வைத்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குண்ணா இப்ப?" என்றான். ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வந்திருப்பான். கேட்கவில்லை.

மார்ச் 6

கரண்ட் கொடுத்தால் முனகுகிறது, சுற்றவில்லை. ஷாஃப்ட்டில் கயிறு சுற்றி இழுத்துவிட்டு, அது சுற்றும்போதே சுவிட்சைப் போட்டேன். பிடித்துக்கொண்டு ஓடியது. அப்படியென்றால் பெரிய பயம் இல்லை, பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் கெபாசிட்டர்தான் போயிருக்கும். மாற்றினால் சரியாகிவிடும். கெபாசிட்டரைத் தொடுமுன் ரெசிஸ்டர் வைத்து அதில் நிற்கும் சார்ஜை இறக்கவேண்டும். ஒயரைப் பிடுங்கிவிட்டோமே என்று கை வைத்தால் உதறிவிடும்.

கம்ப்ரஸரில் அது சுற்றிய திசையும் எனக்கு வேண்டியதற்குத் தலைகீழ். ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளை மாற்றிப் போட்டால் திரும்பிவிடும். பிளேட்டன், அதாவது பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தட்டைப் பலகை, அதன் முன்னால் பெல்ட் மேலிருந்து கீழே இறங்கவேண்டும். தீப்பொறி தரைக்குப் போகவேண்டும், முகத்துக்கு அல்ல.

மார்ச் 7

போன் வரவில்லை.

மார்ச் 8

இன்று முழுக்கக் கணக்கு. பெல்ட் 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம். அதாவது 50 மி.மீ., 1830 மி.மீ. மோட்டாரில் 100 மி.மீ. வீல் போட்டால் ஒரு சுற்றுக்கு 314 மி.மீ. பெல்ட் நகரும். 1440 சுற்றுக்கு நிமிடத்தில் 452 மீட்டர், நொடிக்கு 7.5. மரப்பிடி தேய்க்கப் போதும், இரும்பு வழிக்க மந்தம். 150 மி.மீ. வீல் என்றால் நொடிக்கு 11.3 மீட்டர். 2880 ஆர்பிஎம் மோட்டாராக இருந்தால் அதே வீலில் இரண்டு மடங்கு. ஆனால் நான் இருப்பதைக் கொண்டு செய்கிறேன். 150.

ஹெச்பி எத்தனை, ஹெச்பி எத்தனை என்றே எல்லோரும் கேட்கிறார்கள். வீல் எத்தனை வட்டமாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பெல்ட் இழுத்துச் சும்மா சுற்றும் சின்ன ஐட்லர் வீல் 50 மி.மீ. என்றால், மோட்டார் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது மூன்று சுற்று சுற்றுகிறது. நிமிடத்துக்கு 4320. அதன் பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் மேசையே நடுங்கும்.

மதியம் படுத்தேன். எழுந்து மறுபடி அதே கணக்கு.

மார்ச் 10

பழைய இரும்புக் குவியலில் இருந்து எடுத்து வைத்தவை: சேனல், சதுரக் குழாய், 10 மி.மீ. பிளேட், பெரிய கேட்டின் கீல், ஸ்கூட்டர் ஸ்டாண்ட் ஸ்பிரிங். வீல்களுக்கு அலுமினிய உருளைத் துண்டுகள்; நண்பர் லேத்தில் கடைந்து தருகிறார். ஐட்லருக்கு 6202 பேரிங், வீலுக்கு இரண்டு. இதில் மட்டும் பழசு வேண்டாம், புதிது.

கீலைத்தான் யோசிக்கிறேன். பெல்ட்டை நடுவில் ஓடவைக்கும் டிராக்கிங் வீல் சாய்வது அதில்தான். கேட்டுக்கு அரை மி.மீ. ஆட்டம் ஒன்றும் செய்யாது. இங்கே அதுவே பெல்ட்டை வெளியே தள்ளிவிடும்.

மார்ச் 11

வெல்டிங். உட்கார்ந்துதான் செய்தேன். நிற்கும்போது தையல் இழுக்கிறது. அவள் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12

இரவு 2 மணி. தூக்கம் இல்லை.

டிராக்கிங் வீலின் நடுப்பகுதி ஏன் கொஞ்சம் உயர்ந்திருக்கவேண்டும்? யாரிடம் கேட்டாலும் பெல்ட் மேட்டில் ஏறும் என்கிறார்கள். ஏன் ஏறவேண்டும்? தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகிறது? யோசித்துப் பார்த்ததில் புரிந்தது இது: பெல்ட் சரிவில் உட்காரும்போது மேட்டுப் பக்க விளிம்புக்கு இழுப்பு அதிகம். அதனால் வீலுக்கு வந்துசேரும் பெல்ட் மேட்டை நோக்கி லேசாக வளைகிறது. அடுத்து வீலைத் தொடும் பகுதி இன்னும் கொஞ்சம் மேலே விழுகிறது. இப்படியே ஏறி உச்சிக்கு வந்ததும் இரண்டு பக்க இழுப்பும் சமம். அங்கேயே நின்றுவிடும். யாரும் பிடித்து நிறுத்த வேண்டாம்.

இதற்கு ஒரு மி.மீ. மேடு போதும். அதிகமானால் பெல்ட்டின் நடுவில் முதுகு விழும். மோட்டார் வீலுக்கு மேடே வேண்டாம், தட்டையாக இருக்கட்டும்.

பெரிதாக ஒன்றும் இருக்காது என்றார் அந்த டாக்டர். இருக்காது என்பதற்கு எதற்கு அத்தனை டெஸ்ட்?

மார்ச் 13

போன் இல்லை. இருமல் மட்டும்.

மார்ச் 15

வீல்கள் வந்தன. மோட்டாரில் மாட்டி டயல் கேஜ் வைத்தேன். சுற்றும்போது வீலின் ஆட்டம் 0.05 மி.மீ.தான். அருமை. வீல் ஷாஃப்ட்டில் வழுக்காமல் கீ என்ற இரும்புக் கட்டையைப் போட்டு, செட் ஸ்குரூவை அதன்மேலேயே இறுக்கியாயிற்று.

மார்ச் 16

முதல் ஓட்டம். பெல்ட் இடது பக்கம் ஓடி விளிம்பில் உரசி நின்றது. டிராக்கிங் வீலைச் சாய்க்கும் குமிழைத் திருகினால் நடுவுக்கு வருகிறது, சில நொடி நிற்கிறது, மறுபடி இடது. திருகு எல்லைக்கே வந்துவிட்டது. இன்னும் இடது.

மார்ச் 17

இடது.

மார்ச் 18

பிடிபட்டது! கீல் இல்லை. கீலைக் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கிப் பார்த்துவிட்டேன், அதே கதை. அப்புறம் மூன்று வீல்களின் பக்கவாட்டிலும் நூல் பிடித்தேன். கீழ் ஐட்லரைத் தாங்கும் கை, 150 மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. திரும்பியிருக்கிறது. முதலில் சின்னப் புள்ளியாக டேக் வைத்து, மூலைமட்டம் பார்த்து, மாற்றி மாற்றித்தான் வெல்டிங் போட்டேன். இருந்தும் ஆறும்போது இழுத்துக்கொண்டது. இரும்பு ஆறும்போது வெல்டிங் பக்கம் சுருங்கும், அதன் சுபாவம். இவ்வளவு கோணலை நடு மேடு சமாளிக்காது.

வெட்டி மறுபடி ஒட்டவேண்டியதில்லை. போல்ட்டுக்கு அடியில் தகரத் துண்டு கொடுத்து நிமிர்த்தினேன். பெல்ட் நடுவுக்கு வந்தது. நின்றது. சுவிட்சை அணைத்து மறுபடி போட்டேன். நின்றது. குமிழைக் கால் சுற்று திருகினால் சொன்ன பக்கம் போகிறது, விட்டால் அங்கேயே நிற்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தேனாம், அவள் சொன்னாள். நெடுநேரம் ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்க ஒன்றும் கையில் இல்லை.

மார்ச் 19

போன் வந்தது. நேரில் வரச்சொல்கிறார்கள்.

மார்ச் 21

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 22

தேய்க்கும் துண்டைத் தாங்கும் ரெஸ்ட்டை மாட்டினேன். அதற்கும் பெல்ட்டுக்கும் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. கூடினால் சின்னத் துண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே விரலையும். ஸ்பிரிங் இழுப்பு போதவில்லை. அழுத்தினால் மோட்டார் வீலில் பெல்ட் வழுக்குகிறது. ஒரு கண்ணி தள்ளி மாட்டியதில் சரியானது.

பழைய அரத்தில் ஒரு கத்தி வழித்துப் பார்த்தேன். 36 கிரிட், முரட்டுப் பெல்ட், வெண்ணெய் மாதிரி போகிறது. முனை மட்டும் நீலமாகிவிட்டது. நீலம் என்றால் கிட்டத்தட்ட 300 டிகிரி தொட்டிருக்கிறது, அந்த இடத்தில் கடினம் போயிற்று. வாளியில் தண்ணீர் பக்கத்திலேயே வேண்டும். வெறும் கையால் பிடித்தால் சூடு முன்பே தெரியும்.

தம்பி இரவு இங்கேயே தங்கினான். கிரைண்டரைப் பற்றித்தான் பேசினோம். ஏதேதோ கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

மார்ச் 23

நாளைக் காலை 7 மணிக்கு அட்மிட். வெறும் வயிறு.

பெல்ட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டாயிற்று. இழுப்பிலேயே நாள்கணக்கில் விட்டால் சின்ன வீல் இருக்கும் இடத்தில் வளைவு பிடித்து, ஓடும்போது தட்டிக்கொண்டே இருக்கும். சாவி தம்பியிடம். உள்பக்க அம்புக்குறி பார்த்து மாட்டு, தலைகீழாக ஓடினால் ஒட்டு பிரியும் என்று சொல்லியிருக்கிறேன். அலுமினியத்தையும் இரும்பையும் அடுத்தடுத்துத் தேய்க்காதே, அலுமினியத்தூளில் தீப்பொறி விழுந்தால் பற்றும் என்றும். கையுறை போடாதே, இழுத்துக்கொள்ளும் என்று பெரிதாக எழுதி மோட்டார்மேல் ஒட்டியிருக்கிறேன். படிக்கமாட்டான். காலையில் காரில் போகும்போது இன்னொரு தடவை சொல்லவேண்டும்.