பக்கத்து வீட்டு அன்ரிக்கு நான் சொன்ன பொய்

சென்ற மாதம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க்கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கியபோது, மிச்சக் காசாக அம்மாவின் கைக்கு வந்தது ஊதா நிறப் பத்து டொலர்த் தாள். 2018 நவம்பரில் புழக்கத்துக்கு வந்த, நெடுக்குவாக்கில் அச்சிட்ட தாள் அது. அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆர் பிள்ளை, இந்தக் காப்பிலி மனிசி?" என்று கேட்டார். பக்கத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர் கறுப்பினத்தவர். கறுப்பினத்தவரைக் குறிக்க எங்கள் ஆக்கள் சொல்லும் அந்தச் சொல்லை, அவருக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில்தான் அம்மா சொன்னார். அந்தத் துணிவு எவ்வளவு பிழையானது என்பதை நான் எட்டு வயதிலேயே அறிந்தவள்.

1991இல் நாங்கள் ஸ்காபரோவில் ஒரு மாடிக்கட்டிடத்தின் ஒன்பதாவது தளத்தில் குடியேறினோம். எதிர்க்கதவில் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு அன்ரி இருந்தார். கரீபியன் தீவுகளின் மணமாகாத இளம்பெண்களை வீட்டுவேலைக்கென்று கனடா 1955 முதல் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம் அந்த வேலையைச் செய்து முடித்தால் நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம். ஊரில் ஆசிரியையாக இருந்த அவர் அப்படித்தான் வந்து, ஒரு வெள்ளைக்கார வீட்டில் நிலம் துடைத்துத் தன் கனடா வாழ்வைத் தொடங்கினார். அம்மாவும் அப்பாவும் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் அண்ணாவும் நானும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டுப் படுப்போம். தேங்காய்ப்பாலும் அவரையும் போட்டு அவர் ஆக்கும் சோறு எங்கள் வீட்டுப் பாற்சோற்றுக்கு உறவுபோல இருக்கும்.

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் காப்பிலி மனிசி. யாரும் கோபத்தில் சொன்னதில்லை; "காப்பிலி மனிசியிட்டைச் சாவி குடுத்திட்டு வா" என்று சாதாரணமாகவே சொல்வார்கள். ஒருநாள் அவர் என் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தபடியே, "உன் அம்மா என்னைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல் சொல்கிறாரே, அதற்கு என்ன கருத்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தச் சொல்லை மிகத் திருத்தமாக உச்சரித்தார். படிக்கட்டிலும் மின்தூக்கியிலும் எத்தனை தடவை அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்! "அயல்வீட்டுக்காரர் என்று அர்த்தம்" என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கதவைத் தட்டும்போதெல்லாம், "உங்கள் காப்பிலி வந்திருக்கிறேன்" என்று தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்துக்குள் வைத்துச் சொல்வார். முதல் தடவை அதைக் கேட்ட அம்மா, கையில் அகப்பையோடு அசையாமல் நின்றது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தச் சொல் எங்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. நம்பிக்கையற்றவர் என்ற பொருளுள்ள ஓர் அரபுச் சொல், போர்த்துக்கேயர் வழியாக, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் பெயராக இலங்கைக்கு வந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் பகுதியில் வாழ்கிறார்கள். நாங்கள் ஊரில் அவர்களை ஒருபோதும் கண்டதில்லை, ஆனாலும் அந்தச் சொல்லை மட்டும் பெட்டியில் வைத்துக் கனடாவுக்குக் கொண்டுவந்தோம்.

எங்களுக்கு இங்கே நடந்ததை நாங்கள் நன்றாகவே நினைவு வைத்திருக்கிறோம். 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் கரைசேர்த்ததை நன்றியோடு சொல்கிறோம். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டதையும், அவர்களைப் பயங்கரவாதிகள் என்று சந்தேகித்ததையும் மனக்கசப்போடு சொல்கிறோம். இரண்டும் சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் பஸ் தரிப்பிடத்தில் நின்ற என் அண்ணாவைப் பொலிஸ்காரர் மறித்துப் பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு போன இரவில், எங்கள் வீட்டில் எழுந்த கோபம் பொலிஸ்மீது போகவில்லை. "அவங்களோடை சேர்ந்து திரிஞ்சால் இப்பிடித்தான்" என்றார் அப்பா. அண்ணாவோடு நின்றவர்கள் இரண்டு கறுப்பினப் பையன்கள். ஒருவன் அன்ரியின் பேரன். பிள்ளைகளை அவர்களிடமிருந்து பிரித்து வைத்தால் இந்த நாடு எங்களை ஏற்றுக்கொள்ளும் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். பயத்திலிருந்து பிறந்த அந்த நம்பிக்கையை நான் இப்போது விளங்கிக்கொள்கிறேன். ஆனாலும் அது அநியாயம்.

கடையிலிருந்து வரும் வழியில் காருக்குள் வைத்து, தாளில் இருக்கும் வயோலா டெஸ்மண்டைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னேன். அவர் நோவா ஸ்கோஷியாவில் அழகுக்கலை நிலையம் நடத்திய பெண். 1946 நவம்பரில் நியூ கிளாஸ்கோ நகரில் கார் பழுதாகிவிட, படம் பார்க்கப் போனார். கீழ்த்தளம் வெள்ளையருக்கு, மேல்மாடம் கறுப்பினத்தவருக்கு. கீழே இருந்தவர் எழும்ப மறுத்ததால் இழுத்துக்கொண்டுபோய் இரவு முழுவதும் சிறையில் வைத்தார்கள். வழக்கிலோ நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வகை இருக்கைச் சீட்டுகளுக்கும் இடையிலான ஒரு சத வரி வித்தியாசத்தைக் கட்டாமல் ஏய்த்தார் என்பதே குற்றச்சாட்டு. அதற்குத் தண்டமும் செலவுமாக 26 டொலர். அரசு மன்னிப்பு வழங்கியது 2010இல், அவர் இறந்து 45 வருடங்களுக்குப் பிறகு. நோவா ஸ்கோஷியா, 1783 முதல் கறுப்பினத்தவர் ஆயிரக்கணக்கில் குடியேறிய மாகாணம். அத்தனை தலைமுறை ஆகியும் அவர்களின் பிள்ளைகளிடம் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கடை ஊர்த் தேத்தண்ணிக் கடையிலும் அப்பிடித்தானே. அவையளுக்குச் சிரட்டையிலை, வெளியிலை குந்தி இருந்து குடிக்கோணும்," என்றார். அந்தச் சிரட்டையை நான் எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் சாதியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக அவர் பேசி நான் கேட்டதும் அதுவே முதல் தடவை.

அம்மா அந்தச் சொல்லை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது உண்மை அல்ல. "காப்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, "கறுப்பின ஆக்கள்" என்று முடிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ ஒரு மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த என் மகள், அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கும் எட்டு வயது. அடிமைக் கப்பல்களிலிருந்து தொடங்கி, அன்ரி என் தலைமுடியைப் பின்னிய மாலை வரைக்கும், நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

"அந்த அன்ரியிட்டை நீங்கள் பிறகு உண்மையைச் சொன்னீங்களா அம்மா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.