நாளுக்கு ஒன்பது மணி நேரம்

ஜூலை 9, செவ்வாய். தாராவி, மும்பை

இரத்த ஓட்டப் பாடத்தை முடிக்கும்போது, பிறந்தது முதல் இறக்கும்வரை இதயம் ஒரு கணமும் ஓய்வெடுப்பதில்லை என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “எங்க அப்பா மூட்டை தூக்கிட்டு வந்தா தோள் வலிக்குதுன்னு படுத்துடுவாரு. இதயத்துக்கு வலிக்காதா டீச்சர்?” மணி அடித்துவிட்டதால் நாளை சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன்.

இரவு கணக்குப் போட்டபோதுதான் நான் சொன்னதே தவறு என்று தெரிந்தது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் மேலறைகளான ஆரிக்கிள்கள் சுருங்குவது 0.1 விநாடி, கீழறைகளான வெண்ட்ரிக்கிள்கள் சுருங்குவது 0.3 விநாடி, மீதி 0.4 விநாடி இதயம் முழுவதுமே தளர்ந்திருக்கிறது. இதையே ஒரு நாளுக்குப் பெருக்கினால், வெண்ட்ரிக்கிள் உழைப்பது ஒன்பது மணி நேரம், தளர்ந்திருப்பது பதினைந்து மணி நேரம். ஓய்வெடுக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை அரை விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது.

ஜூலை 11, வியாழன்

மழையால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. கேள்வி கேட்டவன் வந்திருந்தான். கணக்கைக் கரும்பலகையில் அவனையே போடச் சொன்னேன்.

அந்த ஓய்வு வெறும் ஓய்வு அன்று என்பதை விளக்கத்தான் நேரம் பிடித்தது. வெண்ட்ரிக்கிள் தளரும்போது அதன் உள்ளழுத்தம் ஆரிக்கிளின் அழுத்தத்தைவிடக் கீழே இறங்கிவிடுவதால், இடையிலுள்ள வால்வு திறந்து இரத்தம் தானாகவே இறங்குகிறது. நிரம்ப வேண்டியதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படித்தான் வந்து சேர்கிறது. ஆரிக்கிள் கடைசியாக ஒருமுறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. வலது ஆரிக்கிளின் மேற்சுவரில் தொடங்கி இதயத்தைச் சுருங்கவைக்கும் மின்தூண்டல், கீழே செல்லும் வழியிலுள்ள கணு என்னும் சிறு திசு முடிச்சில் ஏறக்குறைய 0.1 விநாடி தாமதிக்கிறது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால், ஆரிக்கிள் தள்ளி முடிக்கும் முன்பே வெண்ட்ரிக்கிள் இறுகத் தொடங்கிவிடும்.

ஜூலை 13, சனி

90 அடி சாலைக் கறிக்கடையில், கத்தி படாத ஆட்டு இதயம் வேண்டும் என்று நேற்றே சொல்லி வைத்திருந்தேன். உள்ளே உறைந்திருந்த இரத்தத்தைக் கழுவி எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

வெட்டுவதற்கு முன், இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் அறுபட்ட வாயில் குவளையால் நீர் ஊற்றினேன். வெண்ட்ரிக்கிளுக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அங்குள்ள வால்வின் மூன்று அரைச்சந்திர இதழ்களும் நீரின் எடையாலேயே உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொண்டன. ‘லப் டப்’ என்னும் ஒலியில் ‘டப்’ என்பது இந்த இதழ்கள் மூடும்போது எழுவது. ஆனாலும் நீர்மட்டம் மெல்லத் தாழ்ந்தது. விளக்கை அருகே பிடித்துப் பார்த்தபோது, இதழ்களுக்குச் சற்று மேலே தமனியின் சுவரில் இரண்டு சிறு துளைகள் இருந்தன. இதயத்துக்கே உணவூட்டும் கரோனரி தமனிகள் அங்கேதான் தொடங்குகின்றன. வெண்ட்ரிக்கிள் இறுகியிருக்கும்போது அதன் தசை தனக்குள் ஓடும் குழாய்களையே நசுக்குவதால், இடப்பக்கத் தசை தன் பங்கு இரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தியதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு இடது வெண்ட்ரிக்கிளைத் திறந்தேன். அதற்கும் இடது ஆரிக்கிளுக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வின் ஓரங்களிலிருந்து தசை மேடுகள் வரை வெள்ளை நாண்கள், பூத்தொடுக்கும் நூலைப்போல மெலிந்து, இழுத்தால் அறாதபடி உறுதியாக ஓடின. அழுத்தம் ஏறும்போது இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துபவை இவையே. உடல் முழுதும் அனுப்ப வேண்டிய இடது அறையின் சுவர், பக்கத்து நுரையீரல் வரை மட்டும் அனுப்பும் வலது அறையின் சுவரைப்போல மூன்று மடங்கு தடிமன் இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

அப்பாவுக்கு எக்கோ (ஒலியலையால் இதயத்தைத் திரையில் காட்டும் பரிசோதனை) எடுக்க வேண்டியிருந்ததால் விடுப்பு. என்னையும் திரையருகே நிற்க அனுமதித்தார்கள்.

ஒவ்வொரு துடிப்பிலும் ஈரிதழ் வால்வு இரண்டு முறை விரிந்தது: இரத்தம் தானாக இறங்கும்போது ஒருமுறை, பாதி மூடிப் பின் ஆரிக்கிள் தள்ளும்போது மறுமுறை. அடுத்த கணம் அது அடைத்துக்கொண்டது; அதுதான் ‘லப்’. அதன்பின் நான்கு வால்வுகளும் மூடியிருக்கும் ஒரு சிறு இடைவேளை வரும். இரத்தம் எங்கும் நகராமல் அழுத்தம் மட்டும் ஏறி, பெருந்தமனியின் அழுத்தமாகிய 80 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியதும் வெளிவாசலான பெருந்தமனி வால்வு திறக்கிறது. 120 வரை உயர்ந்து, உள்ளிருக்கும் 120 மி.லி.யில் ஏறத்தாழ 70 மி.லி. வெளியேறுகிறது. அறை ஒருபோதும் முழுதாகக் காலியாவதில்லை.

“சுருங்குற பலம் நல்லா இருக்கு, தளர்றதுதான் வயசுக்கேத்த மாதிரி கொஞ்சம் மெதுவாயிருக்கு” என்றார் மருத்துவர். ஆகவே அப்பாவின் இதயத்தில், முதலில் தானாக இறங்கும் இரத்தம் குறைந்து, ஆரிக்கிள் தள்ளும் பங்கு கூடியிருக்கிறது. இந்த இரண்டு வரவுகளையும் திரையில் காட்டிய இரண்டு அலைகளில் இரண்டாவதே உயரமாக இருந்தது. தளர்வதற்கும் தசைக்கு ஆற்றல் வேண்டும் என்பதை நான் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஜூலை 18, வியாழன்

மாணவர்களை மாடிப்படியில் நான்கு முறை ஏறி இறங்கச் செய்து நாடியை எண்ண வைத்தேன். கேள்வி கேட்டவனுக்கு 78 இருந்தது 150 ஆயிற்று. ஒரு துடிப்புக்கு 0.4 விநாடிதான். வேகம் கூடும்போது சுருங்கும் நேரம் சிறிதே குறைகிறது, தளரும் நேரம்தான் பெரும்பகுதி வெட்டுப்படுகிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, “அப்போ மூட்டை தூக்குறப்ப அப்பாவோட இதயத்துக்கு ஓய்வு குறையுது, படுத்தா திரும்பக் கிடைக்குது, அப்படித்தானே டீச்சர்?” என்றான். அப்படித்தான் என்றேன். இன்றிரவு அப்பா வந்ததும் ஒருமுறை, படுத்தபின் ஒருமுறை நாடியை எண்ண வேண்டும் என்று என் கைக்கடிகாரத்தைக் கேட்டான். கழற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.