அமுக்கினால் உறுமும் பெட்டி: தையில் தொடங்கிய வேலை

கீபோர்டிலும் உறுமி மேளச் சத்தம் இருக்கிறது. எந்தக் கட்டையை அமுக்கினாலும் பதிவு செய்து வைத்த அதே 'ஊம்', அதே நீளத்தில் வரும். எங்கள் பக்கம் முளைப்பாரிக்கு வாசிக்க வரும் அண்ணன் கையில் அது ஒரு தடவைகூட அதே மாதிரி விழுந்து நான் கேட்டதில்லை. அந்த இழுவையை ஒரு சர்க்கியூட்டில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று தை மாதம் உட்கார்ந்தேன்.

ஆசையைக் கிளப்பியது சரண்ஜித் சிங்கின் வாசிப்பு. 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மின்னிசைப் பெட்டிகளான ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தவர் அவர். டிபி-303 என்பது பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக 1981-ல் வந்த சின்னப் பெட்டி. அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஸ்லைடு வசதி உண்டு. அந்த வழுக்கல்தான் என் காதில் நின்றது.

பழைய ரோலண்ட் வாங்க நமக்கு வழியில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் சிடி40106 ஐசி இரண்டு வாங்கினேன். இந்த ஐசிக்குள் ஆறு இன்வெர்ட்டர்கள்; கரண்ட் போனால் ஓடும் வீட்டு இன்வெர்ட்டர் இல்லை, வரும் சிக்னலைத் தலைகீழாக்கித் தருபவை. ஒன்றுக்கு ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் கொடுத்தால் போதும், தானாகவே அதிர்ந்து சத்தத்துக்கான சிக்னல் தரும் ஆசிலேட்டர் தயார். 100 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் போட்டால் நொடிக்குச் சுமார் 100 அதிர்வு. ரெசிஸ்டர் குறைந்தால் சுருதி ஏறும். அதனால் ரெசிஸ்டர் இருந்த இடத்தில், வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் எல்டிஆரை வைத்தேன். கையை மேலே கொண்டுபோனால் நிழல் விழுந்து சத்தம் இறங்கியது. ஆனால் கூடவே ஒரு கரகரப்பு. மூன்று நாள் வயரிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு வயரிங்கில் இல்லை, தலைக்கு மேலே டியூப் லைட்டில். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாதது எல்டிஆருக்குத் தெரிந்திருக்கிறது. லைட்டை அணைத்து பேட்டரி டார்ச்சைக் காட்டியதும் சத்தம் சுத்தமாக வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லா இழுக்குது தம்பி. ஆனா அமுக்கலையே" என்றார்.

"சுருதி ஏறி இறங்குதேண்ணே?"

"ஏறும். எதனால ஏறுதுன்னு பாரு."

உறுமியை மடியில் வைத்து மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். வளைந்த குச்சியின் முனை தோலைக் கவ்வுகிறது, தோல் கொஞ்ச தூரம் கூடவே போகிறது, தாங்காமல் விட்டுவிடுகிறது, திரும்பக் கவ்வுகிறது. வயலின் வில்லும் கம்பியும் செய்கிற அதே வேலை. அழுத்தம் கூடக்கூட தோல் விறைக்கிறது. அதனால் சுருதியும் சத்தமும் ஒன்றாக ஏறுகின்றன. நான் சுருதியை ஒரு கையிலும் வால்யூமை ஒரு திருகிலும் பிரித்து வைத்திருந்தேன். அங்கேதான் தப்பு.

ஏ.ஆர்.ரகுமான் மேடையில் வாசிக்கும் கண்டினூம் ஃபிங்கர்போர்டு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதில் கட்டைகளே கிடையாது, சிவப்பாக மெத்தென்று ஒரு பரப்புதான். விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும். ஸ்வரத்தை அசைத்து இழுத்துக் கமகம் பிடிக்கிறவருக்கு அது வேண்டியிருக்கிறது.

எனக்குக் கிடைத்தது கறுப்பு நுரை. ஐசியின் கால்களைக் குத்திக் கொடுப்பார்களே, அதுதான். அதில் மின்சாரம் பாயும். இரண்டு செப்புத் தகட்டுக்கு நடுவே வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். சும்மா இருக்கும்போது பல லட்சம் ஓம், கட்டைவிரலால் அழுத்தினால் சில ஆயிரத்துக்கு இறங்கியது. ஒரு துண்டை எல்டிஆருக்குப் பதில் ஆசிலேட்டரில் போட்டேன். இன்னொரு துண்டு எல்எம்386 ஆம்பிளிஃபையருக்குப் போகும் வழியில். இரண்டும் ஒரே கட்டைவிரலுக்கு அடியில். அழுத்தினால் சுருதியும் சத்தமும் சேர்ந்தே எழும்பின. நான் எதிர்பார்க்காதது விரலை எடுத்தபோது நடந்தது: நுரை பழைய உயரத்துக்கு வர நேரமெடுக்கிறது. அதனால் சத்தம் சட்டென்று அறுபடாமல் முனகிக்கொண்டே இறங்குகிறது. அப்படியே உறுமி. அன்றைக்கு ராத்திரி ஒரு 9 வோல்ட் பேட்டரி காலி.

சரி, சுருதி வந்தாச்சு, வயிற்றிலிருந்து வரும் முழக்கம்? இந்த ஆசிலேட்டர் தரும் சதுர அலை காதில் தகரம் மாதிரி குத்தியது. கூர்மையைக் குறைக்க ஃபில்டர் சர்க்கியூட் போடலாம். அதற்குள் மோரிஸ் மார்ட்டெனோ ஞாபகம் வந்தார். 1928-ல் ஆந்த் மார்ட்டெனோ என்ற மின்வாத்தியத்தை மேடையேற்றியவர். அதற்கான ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு வழக்கமான காகிதக் கூம்புக்குப் பதில் ஒரு காங் தட்டையே பொருத்தியிருந்தார். மின்சாரத்தில் பிறந்த சத்தம் வெண்கலத்தின் வழியாக வெளியே வரும். நமக்கு வெண்கலம் எதற்கு, பக்கத்தில் மானாமதுரை இருக்கிறது. அங்கே வாங்கிய கடம் ஒன்று வீட்டில் சும்மா இருந்தது. மூன்று அங்குல ஸ்பீக்கரை அதன் வாயருகே பிடித்து நுரையை மெதுவாக அழுத்தினேன். சுருதி ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் பானை முழுக்க அதிர்ந்தது. அணைத்துப் பிடித்திருந்த இடது கையில் அது தெரிந்தது. ஸ்பீக்கரை வாய்க்கு இன்னும் நெருக்கினால் அந்த இடம் கீழே இறங்குகிறது. கடம் வாசிப்பவர்கள் வாயை வயிற்றில் அணைத்து ஆழத்தைக் கூட்டுவது இப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திரும்ப வந்தார். பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் அமுக்கிப் பார்த்தார். "பெருவிரல் வேணாம் தம்பி, குச்சிக்கு முனை இருக்குல்ல" என்று பழைய குச்சி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நுரையை அதன் வளைவுக்கு அடியில் ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். வயர் எந்தப் பக்கம் போனால் கையைத் தடுக்காது என்பதுதான் இந்த வார வேலை.