லிகமென்ட் ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பில் பெரிதான துளை

கபடியில் அறுந்த ஏசிஎல் லிகமென்ட்டுக்கு (முட்டிக்குள் மேலெலும்பையும் கீழெலும்பையும் பிணைக்கும் நார்) ஆபரேஷன் செய்து, பல மாதங்கள் முட்டி நன்றாகவே இருந்தது. அப்புறம் படி இறங்கும்போதும் திடீரெனத் திரும்பும்போதும் நழுவ ஆரம்பித்தது. வைத்த லிகமென்ட் தளர்ந்துவிட்டது, மறுபடி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் தேதி குறிக்கும் முன் சி.டி. ஸ்கேன் கேட்டார். எம்ஆர்ஐ இருக்கும்போது இது எதற்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஸ்கேனைத் திரையில் போட்டு அளந்து காட்டினார். முதல் ஆபரேஷனில் லிகமென்ட்டை நுழைத்துப் பொருத்த 8 மி.மீ. அளவில் போட்ட துளை, முட்டிக்குக் கீழுள்ள எலும்பில் 15 மி.மீ. ஆகியிருந்தது. நடுப்பகுதி குடுவை வயிறு போல அகன்றிருந்தது. தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து லிகமென்ட்டாக வைத்தால், அது எலும்போடு ஒட்டிப் பிடிக்க 2, 3 மாதம் ஆகும். அதற்குள் கால் மடங்கி நீளும்போதெல்லாம் துளைக்குள் அசைந்து உரசலாம். மூட்டு நீரும் உள்ளே இறங்கும். லிகமென்ட்டைத் துளைக்குள் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ உடலிலேயே கரையும் வகை என்றால், அதைச் சுற்றியும் எலும்பு குறையலாம். துளை பெரிதான எல்லோருக்கும் முட்டி தளர்வதில்லை. ஆனால் இவ்வளவு பெரிய துளையில் புதிய லிகமென்ட்டை வைத்தால் பிடிமானம் கிடைக்காது.

அதனால் இரண்டு கட்டம். முதலில் பழைய ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்துத் துளையை நிரப்பினார்கள். முட்டியைவிட இடுப்புதான் படுத்தி எடுத்தது. இருமினால், தும்மினால், கட்டிலைவிட்டு எழுந்தால் சுரீரென்று இழுக்கும். எலும்பு ஊற 4 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காலம் முழுக்க சைக்கிளும் தொடைப் பயிற்சியும்தான், ஓட்டம் கிடையாது. மறுபடி சி.டி. எடுத்து, துளை நிரம்பியதைப் பார்த்த பிறகே இரண்டாவது ஆபரேஷன்.

இதே நிலையில் இருப்பவர்கள் முதல் ஆபரேஷனின் முழுக் குறிப்பைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரிதான் இருந்தது. எந்த ஸ்க்ரூ, உலோகமா கரைவதா, என்ன அளவு என்பதெல்லாம் தெரிந்தால்தான் அதைக் கழற்றச் சரியான கருவியோடு உள்ளே போக முடியும். அந்தத் தாளுக்காக நான் அலைந்தது கொஞ்சநஞ்சமல்ல.

இந்த முறை முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாரை, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்து வைத்தார்கள். எலும்போடு எலும்பு சீக்கிரம் சேரும். மண்டி போட்டால் முன்பக்கம் வலிக்கிறது, ஆனால் நழுவல் நின்றுவிட்டது. தொடை பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்த பிறகுதான் கபடியைப் பற்றிப் பேசுவோம் என்கிறார் பிசியோ.