பலூனுக்குப் பதில் ஏற்காடு மலை: செய்து பார்த்த அனுபவம்

வானிலை பலூனில் தொங்கிப் போகும் ரேடியோசோண்ட் கருவியின் அடிப்படை வேலை அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் போகிற வழியெல்லாம் அளப்பது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் ஏறி, 30 கிலோமீட்டர் உயரம் வரை போய் பலூன் வெடிக்கும். அனுமதி, வாயு, செலவு என்று பார்த்தால் அது எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு எட்டாது. ஆனால் நாங்கள் இருப்பது சேலத்தில். ஏறுவதற்கு மலை இருக்கிறது.

அந்த மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 சென்சார், அதை இயக்கும் குட்டிக் கணினியான ஈஎஸ்பி32 போர்டு, மெமரி கார்டு, பவர் பேங்க். கருவி அவ்வளவுதான். வாங்கும்போது கவனம் தேவை: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பிஎம்பி280 ஈரப்பதத்தை அளக்காது.

மலைக்குப் போவதற்கு முன்பு மொட்டைமாடியில் இரண்டு சென்சார்களை வைத்தோம். ஒன்று வெறும் வெயிலில். இன்னொன்று வெள்ளைக் காகிதக் கப்புக்குள், சின்ன விசிறியோடு. வெயிலில் இருந்தது பல டிகிரி கூடுதலாகக் காட்டியது. “இதுல எது சார் சரி?” என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. பாரிஸ் அருகே பலூன் விட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சு வானிலை ஆய்வாளர் தெய்செராங் த போருக்கும் இதே சந்தேகம் இருந்தது. சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர்வது நின்றுபோனதாகக் கருவி காட்டியது. வெயில்தான் ஏமாற்றுகிறதோ என்று அவர் இரவிலும் பலூன் விட்டுப் பார்த்தார். அப்போதும் அதேதான். நாம் இருக்கும் காற்றடுக்குக்கு மேலே அடுக்குமண்டலம் (ஸ்ட்ராடோஸ்பியர்) என்று இன்னொன்று இருப்பதை 1902இல் அறிவித்தார்.

அப்புறம் மலை. பள்ளி வேனில் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, நிழலில் காற்றுப்படும்படி பிடித்து அளந்தோம். சேலத்தில் 980 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியிருந்த அழுத்தம் ஏரிப் பக்கம் 860 அளவுக்கு இறங்கியது. சேர்வராயன் கோயிலுக்கு ஏறும் வழியில் 850ஐத் தாண்டியபோது வேனுக்குள் ஒரே கூச்சல். காரணம் இருக்கிறது: உலகம் முழுக்க வானிலையாளர்கள் காற்று வரைபடம் போடும் முக்கிய மட்டங்களில் ஒன்று இந்த 850. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். படத்தில் பார்த்த அந்தக் கோட்டின் மேலேயே பிள்ளைகள் நின்றார்கள்!

வெப்பநிலை கிலோமீட்டருக்கு 7 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் என்ற கணக்கில் குறைந்தது. பாடப்புத்தகத்தின் 6.5 என்பது சராசரிதான். நல்ல வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று கலங்கும்போது இன்னும் வேகமாகக் குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஈரப்பதம்தான். மேலே போகப் போக ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது, கிடுகிடுவென ஏறியது. மலையில் நீராவி அதிகம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். சரி, பனிப்புள்ளியைக் கணக்கிடுங்கள் என்றேன். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி நீராக மாறத் தொடங்குமோ அதுதான் பனிப்புள்ளி; நீராவி கூடினால் அதுவும் கூடும். சேலத்தில் 34 டிகிரியும் 45 சதவீதமும் என்றால் பனிப்புள்ளி 20 டிகிரியை ஒட்டி வரும். மேலே 24 டிகிரியும் 74 சதவீதமும் என்றால் 19. நீராவி கூடவில்லை, கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. காற்று குளிர்ந்ததால் சதவீதம் ஏறியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் மேகம்! ஏற்காட்டில் மேகம் இறங்கி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அது அங்கேயே உருவாகவும் முடியும் என்பதைத் தாங்களே போட்ட கணக்கில் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் சென்னை (நிலைய எண் 43279), காரைக்கால் (43346) பலூன் அளவீடுகளை எடுத்து, எங்கள் அளவீடுகளை வைத்துப் போட்ட கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 850 மட்டத்தில் எங்கள் வெப்பநிலை கூடுதல். பகலில் மலைச்சரிவு பக்கத்துக் காற்றைச் சூடாக்கும். பலூனைச் சுற்றியிருப்பது தரை தொடாத காற்று. பலூன் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

வேன் ஏறுகிற நேரத்துக்குள் சேலத்து வெப்பநிலையும் மாறிவிடுகிறது. அதனால் அடுத்த முறை இன்னொரு கருவி பள்ளி மாடியிலேயே ஓடும். போவதும் ஜனவரி விடியற்காலையில்: இரவில் தரை குளிர்ந்து, கீழே குளிரும் சற்று மேலே இளஞ்சூடுமாக வெப்பநிலை தலைகீழாக மாறும் அடுக்கு சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.