வால்வு திறந்த பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது

தென்காசியில் பிறந்த எங்கள் மகளுக்கு, மறுநாள் வலது கையிலும் காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொருத்திப் பார்த்தபோது, குறைந்தது 95 இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு 80-ஐ எட்டவில்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் செல்லும் வழியிலுள்ள வால்வு ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருப்பது எக்கோ பரிசோதனையில் தெரிந்தது. கருவிலிருக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்திருந்து, பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும் ஒரு நாளத்தின் வழியாகத்தான் அவளுடைய நுரையீரலுக்குப் பெரும்பாலும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அது மூடிவிடாமல் இருக்கப் புரோஸ்டகிளாண்டின் மருந்தை ஏற்றியபடியே மதுரைக்கு அனுப்பினார்கள். அம்மருந்து சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடும் என்பதால், ஆம்புலன்சில் உடன் வந்த செவிலியர் கண்களை அவள் மார்பிலிருந்து எடுக்கவே இல்லை. மூச்சு தடைப்பட்டபோதெல்லாம் உள்ளங்காலைச் சுண்டி அவளை மீண்டும் மூச்சுவிட வைத்தார். அவருக்கு நாங்கள் என்றென்றும் கடன்பட்டிருக்கிறோம்.

மார்பைத் திறக்காமல், தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்து வால்வைத் திறக்கப் போவதாக மதுரையில் மருத்துவர் விளக்கினார். 1982-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜீன் கான் குழுவினர் குழந்தைகளுக்குச் செய்து காட்டிய முறை இது. இதயத் துடிப்பின் தாளம் பிசகலாம், வால்வில் கசிவு ஏற்படலாம், காலுக்கு ரத்த ஓட்டம் குறையலாம், பலூனால் முடியாவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று அவர் எதையும் மறைக்காமல் சொன்ன பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களை மைத்துனர் அலைந்து சேர்த்துக் கொடுத்தார்.

சிகிச்சை முடிந்ததும் எக்ஸ்ரே பதிவைக் காட்டினார்கள். விரியத் தொடங்கிய பலூன், நடுவில் கயிறு கட்டி இறுக்கியதுபோல, வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் ஒடுங்கி நின்றது. அடுத்த நொடி அந்த ஒடுக்கம் சட்டென்று மறைந்து பலூன் முழுதாக விரிந்தது. வால்வு திறந்துவிட்டது.

ஆனால் ஆக்சிஜன் அளவு உடனே ஏறவில்லை. பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். கருவிலேயே அடைப்பை எதிர்த்து அழுத்தி அழுத்தி, நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலது கீழறையின் சுவர் தடித்து விறைத்திருப்பதால், வால்வு திறந்த பிறகும் அந்த அறை எளிதில் தளர்ந்து ரத்தத்தை ஏற்பதில்லை. மேலறைகளுக்கிடையே உள்ள துளை வழியாக ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இடப்பக்கம் கலந்துகொண்டே இருக்கும். அறை இளகும்வரை புரோஸ்டகிளாண்டினைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க முடியும். சில குழந்தைகளுக்கு அந்த நாளம் மூடாமலிருக்க அதில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைக்கவும் நேரிடும். எண் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிகிச்சை தோற்றுவிட்டதோ என்று என் மனைவி துடித்துப்போனாள்.

ஸ்டென்ட் தேவைப்படாமலேயே மருந்தை நிறுத்த முடிந்தது. வால்வில் சிறு கசிவு இருக்கிறது. மீண்டும் சுருங்குகிறதா என்றும் பார்க்க வேண்டியிருப்பதால், எக்கோ பரிசோதனைக்கு அவளைத் தவறாமல் அழைத்துச் செல்கிறோம்.