உதடு சேரலாம், பல் சேரக் கூடாது

மகள் போனை என் காதோடு வைத்து, "கேளும்மா, இது நீதான்" என்றாள். ஆட்டுக்கல்லில் மாவே இல்லாமல் குழவியைச் சுற்றினால் கல்லும் கல்லும் உரசி ஒரு சத்தம் வருமே, அதுதான் கேட்டது. நடுவில் ஒரு பெருமூச்சு, மறுபடியும் நறநற. தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிற சத்தம், ராத்திரி 2.40க்குப் பதிவு செய்திருக்கிறாள். என் கணவருக்கு ஓசூரில் வேலை. சனி, ஞாயிறுதான் ஸ்ரீரங்கம் வருவார், படுத்தால் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறவர். அதனால் பக்கத்தில் படுக்கிற 14 வயதுப் பெண்தான் ஆறு மாதமாக இதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். "சொன்னா நீ கவலைப்படுவேன்னு சொல்லலைம்மா." அன்றைக்கு அந்தச் சத்தத்தைவிட இந்த வார்த்தைதான் எனக்கு அதிகம் வலித்தது.

அம்மா உடனே, "வயித்துல பூச்சி இருக்கும்டி" என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் மருந்து. அம்மா மனசுக்காக 44 வயதில் நானும் விழுங்கினேன்.

அதற்கு முன்பே உடம்பு பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறது, எனக்குத்தான் கோத்துப் பார்க்கத் தெரியவில்லை. காலையில் எழுந்தாலே நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். காது வலிக்கிறது என்று காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனேன், காது சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். வாயைத் திறந்தால் மூன்று விரல் நெடுக்காக நுழைய வேண்டும் என்பார்கள், எனக்குக் காலையில் இரண்டு விரலுக்கே இழுத்துப் பிடிக்கும். இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டு, வேர் சிகிச்சை செய்து, மேலே தொப்பி போட்டார்கள். எட்டே மாதத்தில் அந்தத் தொப்பியும் ஓரத்தில் பெயர்ந்தது. "வேற போட்டுடலாம்" என்றார்களே தவிர, புதிதாகப் போட்டது ஏன் உடைந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பணம் போனதைவிட அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கேட்டிருந்தால் ஒன்றரை வருஷ வலி மிச்சம்.

மூன்றாவதாகப் போனது தில்லை நகரில் ஒரு முகத்தாடை அறுவை மருத்துவரிடம். டாக்டரம்மா பல்லைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கையையும் என் கன்னத்தில் வைத்து, "நல்லா கடிங்க" என்றார். காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், அவர் விரலடியில் பெரிய நெல்லிக்காய் போல ஒன்று புடைத்து எழுந்தது. என் விரலையும் எடுத்து அங்கே வைத்தார். அதுதான் மாஸிட்டர், மெல்லுகிற தசை. எடைதூக்குகிறவர்களுக்குப் புஜம் திரள்வது போல எனக்கு அங்கே திரண்டிருந்தது. நாக்கை நீட்டச் சொல்லி ஓரத்தில் வரிசையாகப் பதிந்திருந்த பல் தடத்தைக் கண்ணாடியில் காட்டினார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக் கோடு ஒன்றும் ஓடியது. அதன் பிறகு கேள்விகள்: குறட்டை உண்டா, சாயங்காலத்துக்கு மேல் காபி உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அந்த வகை மாத்திரைகளில் சிலவற்றாலும் பல் கடிப்பு வருமாம். எனக்குக் காபியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பகல்ல கடிக்கிறீங்களா?" என்றார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். "இப்ப உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்க இருக்கு?" ஒன்றோடு ஒன்று இறுகிக் கிடந்தன. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "உதடு சேரலாம், பல் சேரக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர ரெண்டு வரிசையும் தொட்டுக்கவே வேண்டியதில்ல." நாற்பத்து நான்கு வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவள். மாதம் 11ஆம் தேதி ஒரு கெடு, 20ஆம் தேதி இன்னொரு கெடு. கொள்முதல் பில்களை 19ஆம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வியாபாரிகள் எங்களுக்கு உண்டு. டாக்டரம்மா சொன்னபடி தினசரி காலண்டர் தாளில் தலைவலி வந்த நாளையெல்லாம் வட்டமிட்டேன். இரண்டு மாதத் தாளை அடுக்கிப் பார்த்தபோது வட்டங்கள் 8லிருந்து 11 வரையும் 16லிருந்து 20 வரையும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

எடுத்ததும் போடாக்ஸ் ஊசி போடவில்லை. முதலில் நைட் கார்டு, ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் தகடு, 4,500 ரூபாய். மூன்று மாதம் விடாமல் போட்டேன். பல் தப்பியது, வலி தப்பவில்லை. கார்டின் இடது பின்மூலையில் கடலைப்பருப்பு உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. தகடு பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நிற்கும் சுவர். தசை அந்தச் சுவரைப் போட்டு முட்டிக்கொண்டேதான் இருந்தது. அதன் பிறகுதான் தசையின் பலத்தையே குறைக்கிற அந்தப் போடாக்ஸ் ஊசிப் பேச்சு வந்தது.

விலை விசாரிக்க ஒரு அழகு கிளினிக்குக்கும் போய்ப் பார்த்தேன். உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்து, கன்னம் ஒட்டி முகம் எவ்வளவு ஒடுக்கமாக வரும் என்று காட்டினார்கள். வாயைத் திற என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. தாடை மெலிவது இந்த ஊசியின் இன்னொரு விளைவு, அதை விரும்பிப் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி என்று வந்து நிற்கிறவளுக்கு வாயைப் பார்க்காமல் ஊசி போடுகிற இடத்தில் உட்காரக் கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் அம்மா ஒரே கேள்வி கேட்டாள்: "விஷம்னு சொல்றாங்களேடி?" விஷம்தான். கெட்டுப்போன பதனிட்ட உணவில் வளர்கிற ஒரு பாக்டீரியா சுரக்கிற நச்சு. நரம்பிலிருந்து தசைக்குப் போகிற அசிட்டில்கோலின் என்ற ரசாயனத்தை வெளியே விடாமல் அது தடுத்துவிடும், கட்டளை வந்தாலும் தசைக்கு எட்டாது. அந்த நச்சை மிக மிகச் சிறு அளவில் மருந்தாக்கிக் காட்டியவர் ஆலன் ஸ்காட் என்ற சான் பிரான்சிஸ்கோ கண் டாக்டர். மாறுகண்ணைச் சரிசெய்யத்தான் அவர் தேடிப் போனார். 1989இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். புருவங்களுக்கு நடுவில் விழுகிற சுருக்கத்துக்கு 2002இல்தான் கிடைத்தது. பல் கடிப்புக்கு அந்த அனுமதி இல்லை, டாக்டர்கள் தங்கள் அனுபவத்தை வைத்துப் போடுகிறார்கள். இதை டாக்டரம்மாவே முதலில் சொல்லி, அது அச்சடித்திருந்த தாளில்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார். மறைக்காமல் சொன்னதால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஊசி போட்டது ஒரு 23ஆம் தேதி, கெடு முடிந்த மூன்றாம் நாள். குளிர்பெட்டியிலிருந்து கட்டைவிரல் அளவு குப்பி ஒன்று வந்தது. பார்த்தால் காலிக் குப்பி போலத்தான் இருந்தது. அடியில் மருந்து படலமாக ஒட்டியிருக்குமாம், சலைன் விட்டு, குலுக்காமல் மெதுவாக உருட்டிக் கரைத்தார்கள். காது மடலுக்கு முன்னாலிருந்து வாயோரம் வரை வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்து, "இதுக்குக் கீழதான் போடுவேன், மேல போனா சிரிப்பு கெடும்" என்றார். கடிக்கச் சொல்லி, புடைத்த இடத்தில் பக்கத்துக்கு நான்கு புள்ளி. பக்கத்துக்கு 25 யூனிட், மொத்தம் 50. யூனிட் 300 ரூபாய், ஆக 15,000. காப்பீட்டில் வராது. இன்சுலின் ஊசி போல மெல்லியதுதான், எறும்புக் கடிக்கு மேல் வலியில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்தது. நான்கு மணி நேரம் படுக்காதீங்க, கன்னத்தைத் தேய்க்காதீங்க என்று அனுப்பிவிட்டார்கள். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் காலை எழுந்து பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பர் புரட்டிய பிறகுதான் உறைத்தது: பொட்டு தெறிக்கவில்லை. எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொள்ளாத காலை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். அம்மா, முகம் இழுத்துக்கொண்டதோ என்று பதறி ஓடிவந்து என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டாம் வாரம் இன்னொரு பக்கம் தெரிந்தது. இட்லி, தோசை, சாதம் பிரச்சினை இல்லை. சப்பாத்தி மூன்றாவதில் தாடை ஓய்ந்துவிடும். மணப்பாறை போன சித்தப்பா முறுக்கு வாங்கி வந்தார். எனக்கு உயிர் அது. ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கடித்தால் பல் இறங்குகிறது, நொறுக்குகிற அழுத்தம் வரவில்லை. காபியில் தோய்த்துச் சாப்பிட்டேன். இன்னொன்று, மகள் எடுத்த போட்டோவில் என் சிரிப்பு இடது ஓரத்தில் கொஞ்சம் ஏறாமல் நின்றது. மருந்து பக்கத்துச் சிரிப்புத் தசைக்குக் கசிந்தால் அப்படி ஆகுமாம். ஐந்து வாரத்தில் தானாகச் சரியானது. அந்த ஐந்து வாரமும் கல்யாண வீடுகளில் வாயை மூடியே சிரித்தேன். போட நினைக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தசைநரம்பு நோய் உள்ளவர்களும் வாயைத் திறந்து அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சத்தம் நின்றதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மகள் ஆறாவது வாரம் மறுபடி பதிவு செய்தாள். நறநற இருந்தது, சின்னதாக, பக்கத்து அறையில் யாரோ தேய்ப்பது போல. டாக்டரம்மாவிடம் போட்டுக் காட்டினேன். "கடின்னு மூளை சொல்றதை இந்த ஊசி நிறுத்தாது. தசையால முன்ன மாதிரி அழுத்த முடியாது, அவ்வளவுதான்" என்றார். இதைப் புரிந்துகொண்டதுதான் எனக்குப் பெரிய திருப்பம். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு முனை மறுபடி பேச ஆரம்பித்துவிடும். அதற்குள் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

மானிட்டர் ஓரத்தில், டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால் கண் போகிற இடத்தில், பச்சைப் பொட்டு ஒன்று ஒட்டினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லை விலக்க வேண்டும், நாக்கு நுனி மேலண்ணத்தில், 'ன' சொல்கிற இடத்தில். முதல் நாள் எண்ணினேன்: மதியத்துக்குள் 31 முறை பல் இறுகியிருந்தது. வலியோடு இருந்த காலத்தில் இதைச் செய்ய முயன்றபோதெல்லாம் தோற்றேன். இறுகிப்போன தசைக்குத் தளர்வது என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஊசி போட்ட பிறகு அந்தத் தளர்வு கன்னத்திலேயே இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு பழகினேன். கெடு வாரங்களில் சாயங்காலக் காபியை விட்டேன். வெந்நீரில் நனைத்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிஷம் வைத்துவிட்டுத்தான் படுக்கை.

நான்காம் மாதக் கடைசியில் முறுக்கு நொறுங்கியது. சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. இரண்டாவது ஊசி ஆறாவது மாதம், பக்கத்துக்கு 20 யூனிட் மட்டும். வருஷக்கணக்கில் விடாமல் போடுவதை டாக்டரம்மா விரும்பவில்லை. தசை ரொம்ப மெலிந்தால் தாடை எலும்புக்கு வேலை குறைகிறது, முயல்களில் செய்த சோதனைகளில் தாடை மூட்டு எலும்பு தேய்ந்தது தெரிந்திருக்கிறது, அதனால் கணக்காகத்தான் போக வேண்டும் என்றார். மூன்றாவது வேண்டுமா என்று வலியைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறோம்.

முதல் கார்டை நான் தூக்கிப் போடவில்லை. எவர்சில்வர் டப்பா ஒன்றில் அதுவும் இப்போது போடுவதும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி காலை, புதியதைக் கழுவி, டார்ச் அடித்து இடது பின்மூலையைத் தடவிப் பார்க்கிறேன். நேற்றும் பார்த்தேன். மெல்லிய கீறல்கள் நாலைந்து இருக்கின்றன. பருப்பு உட்காரும் பள்ளம் இன்னும் விழவில்லை.